இரணைமடுவின் கீழ் வாழும் வாசகர்

வட இலங்கையின் வன்னியில் இன்று எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. செய்தியாளருக்கும் மக்களுக்கும் இடையிலான தூரம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

கார்த்திகை மழை இறுகத் தொடங்கினால் கிளிநொச்சியில் ஒரே கேள்விதான் ஊர் முழுக்க நடமாடும். குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி? தேத்தண்ணிக் கடையில் அதைக் கேட்பார்கள். வட்ஸ்அப் குழுக்களில் அந்த எண்ணைப் போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் அம்மாவை அழைத்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பான். 36 அடி என்றால் இரணைமடுக்குளம் நிறைந்துவிட்டது. அந்த அளவை நெருங்கும்போது வான் கதவுகள் திறக்கும். திறந்தால் கனகராயன் ஆற்று வழியே வெள்ளம் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று தாழ்நிலமெங்கும் பரவிச் சுண்டிக்குளக் கடனீரேரியை நோக்கி ஓடும்.

வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது. 21,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இதன் நீரை நம்பியிருக்கின்றன. இந்தக் குளத்தின் கீழ் வாழும் ஒருவருக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கு அன்று. நெல் மூட்டையை உயரத்தில் ஏற்றுவதா, மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு விரட்டுவதா, பிள்ளைகளை இன்றிரவே உறவினர் வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டிய தகவல் அது.

2018 டிசம்பர் 7ஆம் திகதி, புனரமைக்கப்பட்ட இக்குளத்தை அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மக்களிடம் கையளித்தார். 34 அடியாக இருந்த நீர்மட்டம் 36 அடிக்கு உயர்த்தப்பட்டிருந்தது. விழாப் படங்கள் பத்திரிகைகளிலும் முகநூலிலும் நிறைந்தன. இரண்டு வாரம் கழித்து, 21ஆம் திகதி இரவு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மழை கொட்டியது. குளம் நிறைந்து வான் கதவுகள் திறக்கப்பட்டன. விடிந்தபோது கீழ்ப்புறக் கிராமங்கள் நீருக்குள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தஞ்சமடைந்தார்கள். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அதை ஆராய விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

அந்த இரவில் கிளிநொச்சியில் தொலைபேசி இல்லாத வீடு அரிது. நீர்மட்டம் தெரிந்தவர்களும் இருந்தார்கள், தெரியாமல் உறங்கியவர்களும் இருந்தார்கள். இந்த இருவரையும் நேரத்துக்கு இணைத்துவைப்பதுதான் ஊடகத் தொழிலின் அடிப்படை. அதற்கான கருவிகளை இணையம் நம் கையில் தந்திருக்கிறது. அதே இணையம் ஊடகவியலாளரின் முகத்தை வேறு பக்கம் திருப்பியும் விட்டிருக்கிறது.

டைனமோவில் பேசிய றேடியோ

வாசகர் செயலற்றவராக இருந்தார், இணையம் வந்த பிறகே அவர் வாய் திறந்தார் என்று பல நாடுகளில் எழுதுகிறார்கள். வன்னியின் கதை அப்படியல்ல.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் வர விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் கிடைத்த மின்சாரத்தில் றேடியோ பேசியது. சுற்றுபவர் களைத்தால் அடுத்தவர் பிடித்தார். பிபிசி தமிழோசையையும், வெரித்தாஸ் வானொலியையும், இலங்கை வானொலியையும், விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரலையும் மாறி மாறிக் கேட்டார்கள். எவர் எதைக் கூட்டிச் சொன்னார், எவர் எதை மறைத்தார் என்று அயலவர்கள் தங்களுக்குள் வாதிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சுத்தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. ஒரு பிரதி ஒரு குறிச்சி முழுவதும் கை மாறியது.

அந்த மக்களுக்குச் சுதந்திரமான ஊடகம் கிடைத்திருந்தது என்று சொல்ல முடியாது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வெளிவந்த ஈழநாதம் இயக்கத்தின் குரலாகவே இருந்தது. இயக்கத்துக்கு மாறான செய்திக்கு அங்கே இடமிருக்கவில்லை. அரச ஊடகங்கள் அரசின் குரலாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே உண்மையைப் பொறுக்கி எடுக்கும் வேலையை மக்களே செய்தார்கள். அந்தப் பழக்கம் அவர்களைத் தேர்ந்த வாசகர்களாக்கியது.

செய்தியாளர்களும் விலை கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தராக்கி என்று அறியப்பட்ட தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடைத்தார். 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானப்படை குண்டு வீசியதில் அங்கு வேலை செய்தவர்களும் அயலில் இருந்த பொதுமக்களும் மாண்டார்கள்.

2008 செப்டம்பரில் ஐநா அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு உத்தரவிட்டது. சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்முனைக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. உள்ளே இருந்து செய்தி அனுப்பிய பு. சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரியில் எறிகணை வீச்சில் இறந்தார். பின்னர் 2011 ஜூனில் பிரித்தானியாவின் சனல் 4 போரின் இறுதிக் கட்டம் பற்றி ஒளிபரப்பிய ஆவணப்படத்தின் முக்கிய காட்சிகள், உள்ளே சிக்கியிருந்த மக்களும், வெற்றிப் பெருமிதத்தில் படையினரும் எடுத்தவை.

நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ரோசன் 2006இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். முன்பு கேட்கவும் பார்க்கவும் மட்டுமே முடிந்தவர்களின் கைக்கு இப்போது அச்சகமும் ஒளிப்பதிவுக் கருவியும் வந்துவிட்டன என்றார். அமெரிக்கப் பத்திரிகை உலகம் அதைத் தொழில்நுட்ப மாற்றமாக விவாதித்தது. மூன்றே ஆண்டுகளில் வன்னி அதை உயிர் போகும் இடத்தில் நின்று காட்டியது. அங்கே பார்வையாளர் என்று எவரும் மிஞ்சவில்லை. தப்பியவர்கள் அத்தனை பேரும் சாட்சிகள்.

ஒரே குளம், இரு பக்கத்து வாசகர்கள்

வாசகர் என்றால் ஒரே முகம் கொண்ட கூட்டம் என்று நினைப்பவர்கள் இரணைமடுவின் நீர்ப் பிணக்கைப் படிக்க வேண்டும்.

ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் ஒப்புதல் கொடுத்த யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தின் முதல் வடிவம், இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோவது. யாழ்ப்பாணத்தின் தேவை உண்மையானது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரே அப்போது குடாநாட்டின் முக்கிய ஆதாரமாக இருந்தது. அதில் நைத்திரேற்றும் உப்பும் ஏறியிருந்தன. சில ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெயும் கலந்தது. கிளிநொச்சிக் கமக்காரர்களின் அச்சமும் உண்மையானது. கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகத்துக்கே எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாத குளத்திலிருந்து இன்னொரு குழாய் போனால் எந்தக் காணி காயும் என்று கேட்டார்கள். அவர்களின் எதிர்ப்பும் 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் தலையீடும் திட்டத்தின் திசையை மாற்றின. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்க முடிவாகி, 2024 ஓகஸ்டில் அது திறக்கப்பட்டது.

இந்த ஆண்டுகளில் வடக்கின் பத்திரிகை ஒன்றில் வேலை செய்த நிருபரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அச்சகம் யாழ்ப்பாணத்தில். விற்பனையின் பெரும்பகுதியும் அங்கேதான். விளம்பரமும் அங்கிருந்துதான். கமக்காரரோ இரணைமடுவின் கீழ். தாகம் கொண்ட வாசகரும் வயல் கொண்ட வாசகரும் ஒரே தலைப்பைப் படிக்கிறார்கள். ஒரு பக்கத்தைச் சுயநலக்காரர் என்று எழுதினால் மறுபக்கத்தின் கைதட்டல் உடனே கிடைக்கும். முகநூல் அந்தக் கைதட்டலை எண்ணிக்கையாகவே காட்டிவிடும்.

இங்கே ஊடகவியலாளர் செய்ய வேண்டிய வேலை கடினமானது. குளத்தின் கொள்ளளவு என்ன, எந்த மாதத்தில் எவ்வளவு நீர் இருக்கும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் அனுமதிக்கப்படுகிறது, குடிநீருக்கு எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதை இரு பக்கத்தாருக்கும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். தன்னைப் படிப்பவருக்குப் பிடிக்காத கணக்கையும் அவர் முன் வைக்க வேண்டும். வாசகரை மதிப்பது என்றால் அதுதான். அவர் விரும்புவதையே திருப்பித் திருப்பிக் கொடுப்பது வியாபாரம்.

கிட்ட இருப்பவரும் தூர இருப்பவரும்

போர் முடிந்த பிறகே கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வன்னியில் பரவலாக எழுந்தன. அதே காலத்தில் முகநூலும் யூரியூப்பும் வந்து சேர்ந்தன. கிளிநொச்சிச் செய்தியின் வாசகர் ஒரேயடியாக உலகமெங்கும் பரவினார். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச் என்று பிரிந்து போன உறவுகள் ஊரின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்தத் தூர வாசகரைக் குறைவாகப் பேசுவது தவறு. 1997இல் தொடங்கிய தமிழ்நெற்றைப் போன்ற தளங்கள், உள்ளூரில் அச்சிட முடியாத செய்திகளை உலகுக்குக் கொண்டுபோனது அவர்களின் ஆதரவில்தான். பாடசாலைக் கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் பணம் அனுப்புபவர்களும் அவர்கள்தான்.

ஆனால் இணையச் சந்தையின் கணக்கு அவர்களையும் ஊரில் இருப்பவரையும் சமமாக வைப்பதில்லை. கனடாவிலிருந்து பார்க்கப்படும் ஒரு காணொளி ஈட்டும் விளம்பரப் பணம், கண்டாவளையிலிருந்து பார்க்கப்படும் அதே காணொளி ஈட்டுவதைவிடக் கணிசமாக அதிகம். பிராந்தியச் செய்தியாளர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு ஏற்பவே கொடுப்பனவு. ஆகவே சொந்தமாக ஒரு யூரியூப் தளம் தொடங்குபவரின் கண் இயல்பாகவே கடல் கடந்து போகிறது. வான் பாயும் காட்சியை ட்ரோனில் படம்பிடித்தால் வெளிநாட்டில் இலட்சம் பேர் பார்ப்பார்கள். சிறுபோகக் கூட்டத்தில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று தீர்மானித்தார்கள் என்பதைச் சில நூறு பேர்தான் பார்ப்பார்கள். அந்தச் சில நூறு பேரின் வருட வருமானம் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

தூர இருப்பவருக்குக் குளம் காட்சி. கீழே இருப்பவருக்கு அது எச்சரிக்கை. எந்த வாசகரை மனதில் வைத்துத் தலைப்பு எழுதப்படுகிறது என்பது இரண்டாமவரின் உயிரைத் தொடும் விடயம். மழை பெய்யும்போது பழைய வெள்ளக் காணொளிகள் திகதியில்லாமல் மீண்டும் சுற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர் பதறிப்போய் ஒரு அழைப்பு எடுப்பார், விசாரித்ததும் நிம்மதியடைவார். கீழே இருப்பவரோ மூன்று தடவை பொய்யாக ஓடியபின் நான்காவது தடவை ஓட மாட்டார்.

கண்ணீரைப் படம்பிடிப்பவர்கள்

தூர வாசகரின் இரக்கத்தை நம்பி எழுந்த இன்னொரு வகை உண்டு. உதவி வழங்கும் காணொளி. ஒழுகும் கூரை, கணவரை இழந்த பெண், ஊனமடைந்த முன்னாள் போராளி, பள்ளிக்குப் போகாத பிள்ளை. கமரா வீட்டுக்குள் நுழைகிறது, கேள்விகள் தொடங்குகின்றன, அழுகை வருகிறது, பணக்கட்டு கைமாறுகிறது. இப்படி உதவி பெற்று வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகமும், வீட்டு முகவரியும், கடன் விபரமும் இணையத்தில் நிரந்தரமாகிவிடுகின்றன. அவரின் மகள் நாளை வகுப்பறையில் அதைச் சந்திக்க வேண்டும். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இப்படியொரு காணொளியில் ஒரு இளம்பெண் நடத்தப்பட்ட விதம் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, அதை எடுத்தவர் கைதானபோதுதான் பலர் இது பற்றிப் பேசவே தொடங்கினார்கள்.

இவர்கள் ஊடகவியலாளர்கள் அல்லர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. தன் வீட்டுக்கு வரும் ஒலிவாங்கிகளில் எதை நம்புவது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிவதில்லை. வேறுபாட்டை நிரூபிக்க வேண்டியது தொழில்முறைச் செய்தியாளரின் கடமை. எதற்காகக் கேட்கிறேன், எங்கே வெளிவரும், யார் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் கமராவை மூடிவிட வேண்டும்.

திரும்பி வராத செய்தி

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கைகளில் பிள்ளைகளின் படங்கள். நூறாவது நாள் கமராக்கள் வந்தன. ஓராண்டு நிறைவுக்கு வந்தன. 2019 நவம்பரில் ஆயிரமாவது நாளுக்கும் வந்தன. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: கடைசியாகப் பிள்ளையை எங்கே பார்த்தீர்கள்? பதில் கிடைக்காமலே இறந்துபோன பெற்றோர் பலர்.

ஊடகத்துக்கும் மக்களுக்குமான உறவில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இங்கே தெரிகிறது. செய்தி எடுக்கப் போகிறோம். எடுத்த செய்தி என்னானது என்று சொல்லப் போவதில்லை. வெள்ளத்துக்கு விசாரணைக் குழு அமைந்தால் முதற்பக்கம். அது என்ன கண்டது என்பதை முரசுமோட்டைக் கமக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் அதே முதற்பக்கத்துக்கு உண்டு. அமைச்சர் வாக்குறுதி கொடுத்த நாள் செய்தியானால், அது நிறைவேறாத ஆண்டும் செய்தியாக வேண்டும்.

மக்களிடம் திரும்பிப் போகும் ஊடகத்துக்கு அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவின் சத்தீஸ்கரில் சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய சிஜிநெற் ஸ்வரா, இணையமே இல்லாத பழங்குடிக் கிராமங்களுக்கானது. கைத்தொலைபேசியில் அழைத்துத் தங்கள் மொழியில் பேசினால் போதும். கைக்குழாய் பழுது, கூலி பாக்கி, பாடசாலையில் ஆசிரியர் இல்லை என்று மக்கள் சொல்வதைச் செய்தியாளர்கள் சரிபார்த்து ஒலிபரப்புவார்கள். பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்பவர்கள் அந்த அதிகாரியை அழைத்துக் கேட்பார்கள். பிரச்சினை தீர்ந்தால் முறையிட்டவரே மீண்டும் அழைத்து அதையும் பதிவு செய்வார். செய்தி ஒரு சுற்று முடிந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது.

அச்சம் இருவருக்கும் பொது

செய்தியாளர் மக்களை நெருங்கும்போது, அவர்களின் மீதும் ஆபத்து விழுகிறது. 2013 ஏப்ரலில் கிளிநொச்சியில் இருந்த உதயன் விநியோக அலுவலகம் தாக்கப்பட்டது, ஊழியர்கள் காயமடைந்தார்கள். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் சட்டவிரோத மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரித்த கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் தாக்கப்பட்டார்கள். 2021 நவம்பரில் முள்ளிவாய்க்காலில் படம் எடுத்த விஸ்வலிங்கம் விஸ்வச்சந்திரன் இராணுவத்தினரால் தாக்கப்பட்டார். 2025 ஓகஸ்டில் குமணனைப் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவு விசாரணைக்கு அழைத்தது.

2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. இது செய்தியாளருக்கு மட்டுமான சட்டமன்று. அவர் எழுதியதைப் பகிர்பவர், அதன் கீழ் தன் அனுபவத்தை எழுதுபவர், சாட்சிப் படம் அனுப்புபவர் எல்லாரையும் தொடும். ஒரு தாய் தன் பெயரைச் சொல்லிப் பேசும்போது அவர் எடுக்கும் துணிவு செய்தியாளரின் துணிவுக்குக் குறைந்ததல்ல. அவரின் குரல் பதிவையும் தொலைபேசி எண்ணையும் பாதுகாப்பது செய்தி எழுதுவதற்கு முந்திய கடமை.

இனிச் செய்ய வேண்டியது

பெரிய நிதியோ புதிய கருவியோ இல்லாமலே வன்னியில் பலவற்றைத் தொடங்கலாம். மழைக்காலத்தில் குளத்தின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் உறுதிசெய்து, திகதியும் நேரமும் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் கமக்காரர் அமைப்புகளின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பலாம். குரல் பதிவாக அனுப்பினால் வாசிக்க முடியாத முதியவரும் கேட்பார். தவறான தகவல் போய்விட்டால், திருத்தத்தை அதே குழுவுக்கு அதே அளவு எழுத்தில் அனுப்ப வேண்டும். சத்தமில்லாமல் பதிவை அழித்தால், முதலில் பார்த்தவருக்கு உண்மை ஒருபோதும் போய்ச் சேராது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செய்தியாளருக்கு மட்டுமான ஆயுதமன்று. எந்தப் பிரசையும் பயன்படுத்தலாம். வீதி ஏன் பாதியில் நிற்கிறது, நட்டஈட்டுப் பட்டியலில் பெயர் ஏன் இல்லை என்று கேட்பவருக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பதும், கிடைக்கும் பதிலைச் செய்தியாக்குவதும் உறவு வளர்க்கும் வேலைதான். ஊடக நிறுவனங்கள் பிராந்தியச் செய்தியாளருக்கு நிலையான ஊதியம் கொடுக்க வேண்டும். காணொளிப் பார்வைகளில் வயிறு கழுவச் சொல்லிவிட்டு, அவர் பார்வைகளைத் துரத்துகிறார் என்று குறை சொல்வது நியாயமில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஊரின் செய்தியை உயிரோடு வைத்திருக்கும் பணம் உங்களிடமிருந்துதான் வருகிறது. அதன் திசையையும் நீங்களே மாற்றலாம். ஒரு வீட்டின் துயரத்தைக் காட்டும் காணொளியைப் பார்த்தால், ஆறு மாதம் கழித்து அந்த வீடு எப்படி இருக்கிறது என்று அதை எடுத்தவரிடம் கேளுங்கள். சிறுபோகக் கூட்டத்தையும் காணிப் பிணக்கையும் நீதிமன்றத் தவணைகளையும் பொறுமையாகப் பின்தொடரும் ஒரு செய்தியாளரைத் தேடிப் பிடித்து ஆதரியுங்கள். ஊரில் இருப்பவர்களே, உங்களிடம் செய்தி எடுத்துப் போனவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வையுங்கள். என்னானது என்று அழைத்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லாத ஊடகத்துக்கு உங்கள் பார்வையையும் நம்பிக்கையையும் கொடுக்காதீர்கள்.